மாடித் தோட்டத்துக்குத் தண்ணீர்: வால்வை ஹோம் அசிஸ்டன்ட்டோடு இணைக்க வேண்டும், நெட் போனாலும் கரண்ட் போனாலும் சொதப்பக் கூடாது

மொட்டைமாடி_மதுரை

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படித்துப் பதில் சொல்பவர்களுக்கு இப்போதே நன்றி.

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அம்மா ஆறு வருடமாகக் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறார். இன்றைய கணக்குக்கு 45 பை. கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய், பந்தலில் புடலையும் பாகலும், ஓரமாக இரண்டு பழைய டிரம்மில் கறிவேப்பிலையும் முருங்கையும். தை மாதம் அம்மாவுக்கு முழங்கால் வலி கூடிப்போய், படி ஏறுவதைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் வாரத்தில் நாலு நாள் சென்னையில் வேலையில் இருக்கிறேன், அப்பா இல்லை, ஆகவே காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை படி ஏறி ஹோஸ் பிடிப்பது அம்மாதான். வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டார், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறுவதைப் பார்த்தால் தெரிந்துவிடும். இதைச் சரி செய்து கொடுப்பதுதான் இந்த வருடம் எனக்கு முதல் வேலை.

ஏற்கெனவே இருப்பது: ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினியில், வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் ஓடுகிறது. போர் மோட்டார், டேங்க் மட்டம் பார்க்கும் அல்ட்ராசோனிக் சென்சார், ஹால் விளக்குகள் எல்லாம் அதில் நன்றாக வேலை செய்கின்றன. 1000 லிட்டர் டேங்க் மாடித் தரையிலிருந்து 3 அடி உயரச் செங்கல் மேடையில் நிற்கிறது. அதிலிருந்து ஒரு அரை இஞ்ச் லைன் எடுத்து, 16 மில்லிமீட்டர் கறுப்புக் குழாய் ஓட்டி, பைக்கு ஒரு டிரிப்பர் வீதம் குத்திவிட்டேன். டிரிப்பர் வேலை வரைக்கும் பிரச்சினை இல்லை. வால்வில்தான் எல்லாம் நிற்கிறது.

முதலில் மின்சாரத்தால் திறந்து மூடும் 12 வோல்ட் சோலனாய்டு வால்வு ஒன்று, ஆர்.ஓ. மெஷின் உதிரி பாகங்கள் விற்கும் கடையில் வாங்கினேன். டொக் என்று சத்தம் வருகிறது, ஆனால் தண்ணீர் நூல் மாதிரிதான் வருகிறது, சில நாள் அதுவும் இல்லை. கழற்றி வாயால் ஊதிப் பார்த்தால் காற்று நன்றாகப் போகிறது. அப்புறம் ஆன்லைனில் வைஃபை வால்வு ஒன்று வாங்கினேன். அதன் சொந்த ஆப் வழியாக நன்றாக வேலை செய்தது, ஹோம் அசிஸ்டன்ட்டிலும் வந்தது, ஆனால் கட்டளை ஒவ்வொன்றும் வெளிநாட்டு சர்வர் வரை போய்த்தான் திரும்ப வேண்டும். சித்திரைத் திருவிழா வாரத்தில் காலை 6 மணிக்கு வால்வு திறந்தது, ஐந்து நிமிடத்தில் வீட்டு நெட் போய்விட்டது, மூடச் சொல்லும் கட்டளை வந்து சேரவே இல்லை. முழு டேங்க் தண்ணீரும் மாடியில் ஓடிவிட்டது. சன்ஷேடிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டு அம்மா அந்த முழங்கால் வலியோடு மேலே ஓடியிருக்கிறார். தக்காளி நாலு பை வேர் அழுகிப் போனது, கீழே என் அறைக் கூரையில் ஈரம் படர்ந்தது. அது எனக்கு இன்னும் மனசில் இருக்கிறது.

மூன்றாவது, மண் ஈரம் பார்க்க இரண்டு கால் உள்ள சென்சார். மூன்று வாரத்தில் கால் இரண்டும் பச்சை பூத்து அரித்துவிட்டன, எண்களும் தாறுமாறாக ஏறி இறங்கின.

கேட்பது இவ்வளவுதான். இந்த டேங்க் உயரத்துக்கு எந்த வால்வு சரிப்படும், நெட் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே எல்லாம் முடிய என்ன வழி, நடுவில் கரண்ட் போனால் வால்வு திறந்தே கிடக்காமல் இருக்க என்ன செய்யலாம், மண் ஈர சென்சாரை நம்பலாமா. போன் இல்லாமல் அம்மா கையால் இயக்கவும் ஒரு வழி வேண்டும்.

சொட்டுநீர்_பொள்ளாச்சி

தம்பி, பதினைந்து வருடமாகத் தென்னந்தோப்புகளுக்கு டிரிப் போட்டுக் கொடுக்கிறேன். ஆப், சர்வர் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், தண்ணீர்க் கணக்கை நான் சொல்கிறேன். உங்கள் முதல் வால்வு கெட்ட வால்வு இல்லை. அது வேலை செய்யத் தேவையான அழுத்தம் உங்கள் வீட்டில் இல்லை.

10 மீட்டர் உயரத் தண்ணீர் நின்றால்தான் சுமார் 1 பார் அழுத்தம். உங்களுக்கு மேடை 3 அடி, டேங்க்குக்குள் தண்ணீர் நிற்பது அதிகபட்சம் 4 அடி, பையின் உயரம் ஒரு அடியைக் கழித்துவிடுங்கள். 6 அடி, அதாவது 1.8 மீட்டர். டேங்க் நிறைந்திருக்கும்போதே 0.18 பார்தான், அடி மட்டத்துக்கு வந்தால் 0.06 பார். அந்த மாதிரிப் பிளாஸ்டிக் சோலனாய்டு வால்வின் மேல் உற்றுப் பாருங்கள், 0.02 எம்.பி.ஏ. (மெகாபாஸ்கல், அழுத்த அளவு) முதல் 0.8 எம்.பி.ஏ. வரை என்கிற மாதிரி எழுதியிருப்பார்கள். 0.02 எம்.பி.ஏ. என்றால் 0.2 பார். நீங்கள் வாசலுக்கு வெளியிலேயே நிற்கிறீர்கள்.

ஏன் அப்படி என்றால், அதில் இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) கதவைத் தூக்குவதில்லை. ஊசித் துளை அளவுக்கு ஒரு சின்ன வழியைத்தான் திறந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வைத் தூக்குவது தண்ணீரின் சொந்த அழுத்தம். அழுத்தம் இல்லையென்றால் அந்தத் துளை வழியாக வரும் நூல் தண்ணீர்தான் மிச்சம். மூடுவதற்கும் அதே அழுத்தம்தான் கை கொடுக்கிறது, அதனால் டேங்க் காலியாகக் காலியாக மூடிய வால்விலேயே சொட்டுவதும் உண்டு. வெளிநாட்டு வீடியோக்களில் இதே வால்வு நன்றாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே தெருக் குழாயிலிருந்தே நல்ல அழுத்தத்தோடு வருகிறது. நமக்கு டேங்க்தான் கதி.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மோட்டார் வைத்த பால் வால்வு, உள்ளே துளையிட்ட உருண்டை (ball) திரும்பித் திறக்கும் வகை. சாதாரண பால் வால்வு மாதிரிதான், கைப்பிடிக்குப் பதில் ஒரு சின்ன மோட்டார் திருகும். பூஜ்ய அழுத்தத்திலும் முழு வாயும் திறக்கும். வாங்கும்போது, கரண்ட் போனால் தானே மூடிக்கொள்ளும் வகை வேண்டும் என்று தெளிவாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டு வயர் வரும், உள்ளே கெபாசிட்டர் இருக்கும், கரண்ட் நின்றதும் சேமித்து வைத்ததைக் கொண்டு மூடிவிடும். மூன்று வயர் வகை அப்படி இல்லை, பாதி திறந்த நிலையில் கரண்ட் போனால் பாதியிலேயே நிற்கும்.

இரண்டாவது வழி, பேட்டரி ஸ்ப்ரேயரில் வரும் 12 வோல்ட் டயஃப்ரம் பம்ப். அழுத்தம் நன்றாகக் கொடுக்கும், தூரத்துப் பைக்கும் சமமாகப் போகும். ஆனால் ஒன்று கவனம், அந்த பம்ப்பின் உள் வால்வுகள் முன்பக்கம் போகும் தண்ணீரைத் தடுக்காது. டேங்க் மேலே இருப்பதால் பம்ப் நின்ற பிறகும் தண்ணீர் அதன் வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே பம்ப்புக்குப் பிறகு ஒரு சோலனாய்டும் போட வேண்டும். உங்களிடம் சும்மா கிடப்பதையே அங்கே போடலாம், பம்ப் அழுத்தத்தில் அது ஒழுங்காகத் திறக்கும்.

45 பைக்கு நான் என்றால் பால் வால்வோடு நிறுத்திக்கொள்வேன். அப்புறம் டேங்க் லைனில் 120 மெஷ் ஃபில்ட்டர் ஒன்று கண்டிப்பாக. போர் தண்ணீர் உப்பு டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் படியும், மாதம் ஒரு தடவை கழற்றி வினிகரில் ஊறப் போட்டால் போதும். அழுத்தத்தைச் சமன் செய்யும் டிரிப்பர் என்று விற்பதை வாங்கிவிடாதீர்கள், அதற்கும் அரை பாருக்கு மேல் வேண்டும். தலை திருகுகிற சாதாரண டிரிப்பரே உங்களுக்கு நல்லது.

ஒரு டிரிப்பருக்கு அடியில் டம்ளர் வைத்து 10 நிமிடத்தில் எவ்வளவு வருகிறது என்று அளந்து சொல்லுங்கள். முதல் பையிலும் கடைசிப் பையிலும்.

பிரெட்போர்டு

பொள்ளாச்சி அண்ணன் சொன்ன பிறகு வால்வு பற்றி நான் சேர்க்க எதுவும் இல்லை. மற்ற பாதிக்கு வருகிறேன்.

சகோ, உங்கள் டேங்க் காலியானதற்குக் காரணம் நெட் போனது மட்டும் இல்லை. திறக்கும் கட்டளை ஒரு இடத்திலிருந்தும் மூடும் கட்டளை தனியாக இன்னொரு தடவையும் வர வேண்டியிருந்ததுதான் அடிப்படைத் தவறு. நெட், கிளவுட் (வெளி சர்வர்) எல்லாம் விடுங்கள், வீட்டுக்குள்ளேயே ஓடும் ஹோம் அசிஸ்டன்ட்டுக்கும் இது பொருந்தும், திறந்த பிறகு ராஸ்பெர்ரி பை தொங்கிப் போனால் அதே கதைதான். எத்தனை நிமிடம் என்பதை வால்வுக்குப் பக்கத்தில் இருக்கும் போர்டே எண்ண வேண்டும். ஹோம் அசிஸ்டன்ட் “ஆரம்பி” என்று மட்டும் சொல்லட்டும்.

அதற்கு வைஃபை உள்ள இ.எஸ்.பி.32 என்ற சின்ன கட்டுப்பாட்டு போர்டு, வால்வுக்குக் கரண்ட் கொடுத்து நிறுத்தும் ஸ்விட்சாக ஒரு ரிலே, போர்டில் இ.எஸ்.பி.ஹோம் என்ற மென்பொருள். கிளவுட் கிடையாது, நெட் இல்லாமல் வீட்டு வைஃபையிலேயே ஹோம் அசிஸ்டன்ட்டோடு பேசும். யாரோ ஒரு கம்பெனி சர்வரை மூடிவிடுமோ என்ற பயமும் இல்லை, 2024 ஏப்ரலில் ஹோம் அசிஸ்டன்ட், இ.எஸ்.பி.ஹோம் இரண்டையும் ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கற்ற அமைப்பின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். இ.எஸ்.பி.ஹோமில் ஸ்பிரிங்க்ளர் என்றே ஒரு பகுதி உண்டு, வால்வுக்கு இத்தனை நிமிடம் என்று கொடுத்தால் எண்ணுவது, மூடுவது எல்லாம் போர்டுக்குள்ளேயே நடக்கும். ரிலேயின் ரீஸ்டோர் மோடை “ஆல்வேஸ் ஆஃப்” என்று வையுங்கள். கரண்ட் போய் வந்தால் மூடிய நிலையிலேயே எழும்.

நான் இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்ட விஷயம் ஒன்று, உங்களுக்கு அது வேண்டாம். இ.எஸ்.பி.ஹோமில் ஹோம் அசிஸ்டன்ட்டோடு பேசும் ஏ.பி.ஐ. பகுதிக்கு “ரீபூட் டைம்அவுட்” என்று ஒன்று இருக்கிறது, சும்மா விட்டால் 15 நிமிடம். ஹோம் அசிஸ்டன்ட் தொடர்பு அவ்வளவு நேரம் இல்லையென்றால் போர்டு தன்னைத்தானே ரீபூட் செய்துகொள்ளும். வைஃபைக்கும் அதே மாதிரி ஒன்று, அதுவும் 15 நிமிடம். ஆக, உங்கள் ராஸ்பெர்ரி பை நின்றுபோன அன்றைக்கு 25 நிமிடம் ஓட வேண்டிய தண்ணீர் 15-ல் நின்றுவிடும், அடுத்த 15 நிமிடத்தில் மறுபடி ரீபூட். இரண்டையும் பூஜ்யம் என்று போட்டுவிடுங்கள்.

நேரம்தான் அடுத்தது. நெட் இருந்தால் போர்டு நேரத்தை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். கரண்ட் போய் வந்து, நெட்டும் இல்லையென்றால் அதற்கு மணி தெரியாது. உங்கள் ராஸ்பெர்ரி பை 4-க்கும் தெரியாது, அதில் பேட்டரி கடிகாரம் இல்லை, பை 5-ல்தான் வைத்தார்கள். ஆகவே ஒரு டி.எஸ்.3231 கடிகார மாட்யூலை இ.எஸ்.பி.யோடு சேர்த்துவிடுங்கள், சின்ன பட்டன் பேட்டரி போட்டால் வருடக்கணக்கில் மணி தவறாது, காலை அட்டவணையையும் போர்டிலேயே எழுதிவிடலாம். அப்போது ராஸ்பெர்ரி பை, ரவுட்டர், நெட் மூன்றும் செத்துக் கிடந்தாலும் செடிக்குத் தண்ணீர் போகும்.

வயரிங்கில் சிலது. 230 வோல்ட் மாடி வெட்டவெளிக்குப் போகவே வேண்டாம். அடாப்டரைப் படிக்கட்டு அறைக்குள் வைத்து, 12 வோல்ட்டை மட்டும் வெளியே எடுங்கள், வயர் மெல்லியதாக இருந்தால் வால்வுக்குப் போய்ச் சேரும்போது வோல்ட் குறையும், 1 சதுர மில்லிமீட்டராவது போடுங்கள். பெட்டியில் வயர் நுழையும் ஓட்டை கீழ்ப்பக்கம் இருக்கட்டும், சிலிக்கான் வைத்து அடைத்துவிடுங்கள், மழையை விட எறும்பும் பல்லியும்தான் ரிலேவுக்கு எமன். மண் ஈர சென்சாரை போர்டின் 32 முதல் 39 வரையுள்ள பின்களில் (வயர் மாட்டும் கால்களில்) மட்டும் மாட்டுங்கள், வைஃபை ஓடும்போது மற்ற அனலாக் பின்கள் படிக்காது. ரிலேவுக்கு 25, 26, 27 நல்லது. 12-ஆம் பின் மாதிரி போர்டு எழும்போது பயன்படும் பின்களில் ரிலேவை மாட்டினால் எழும்போதே ஒரு தடவை டிக் என்று திறக்கும், சில நேரம் போர்டே எழாது.

மண் ஈரம்: நீங்கள் வைத்தது மின்சாரம் மண்ணுக்குள் பாயும் வகை, அது அரிக்கத்தான் செய்யும். உலோகம் மண்ணில் நேராகப் படாத கெபாசிட்டிவ் வகை வாங்குங்கள், ஆனால் வாங்கியதும் மேலே இருக்கும் ஐ.சி. சிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். டி.எல்.சி.555 என்றால் சரி. என்.இ.555 என்றால் 3.3 வோல்ட்டில் ஒழுங்காக ஓடாது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பலகையின் ஓரங்களில் தண்ணீர் ஏறி உப்பிவிடும், நகப்பூச்சு இரண்டு கோட் அடித்துக் காயவைத்து அப்புறம் புதையுங்கள்.

ஆனால் 45 பைக்கு ஒரு சென்சார் என்ன சொல்லிவிடும்? வெண்டைப் பை குடிக்கிற வேகம் வேறு, கறிவேப்பிலை டிரம் வேறு. என் கருத்து, தண்ணீரைத் திறக்கும் அதிகாரத்தைச் சென்சாரிடம் கொடுக்கவே கூடாது. நேரப்படி ஓடட்டும். மண் ரொம்ப ஈரமாக இருந்தால் “இன்றைக்கு வேண்டாம்” என்று தடுக்கிற வேலையை மட்டும் அதற்குக் கொடுங்கள்.

மெல்போர்ன்_தோட்டக்காரி

நான் ஆஸ்திரேலியாவில் இருக்கிறேன், பொள்ளாச்சி சார் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இங்கே தோட்டக் குழாயில் ஜிக்பீ (வைஃபை மாதிரி இன்னொரு வயர்லெஸ் முறை) வால்வைத் திருகி மாட்டினேன், பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது, அழுத்தத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. அதையே போன வருடம் கும்பகோணத்தில் அப்பா வீட்டு டேங்க் லைனில் மாட்டப் போய், தண்ணீர் வராமல் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். காரணம் இப்போதுதான் புரிகிறது.

விக்டோரியா மாநிலத்தில் வருடம் முழுக்க ஒரு விதி உண்டு, ஸ்பிரிங்க்ளர், டிரிப் மாதிரியான ஏற்பாட்டில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது மாலை 6 முதல் காலை 10 வரை மட்டும். எந்த ஆட்டோமேஷன் எழுதினாலும் அந்த நேரத்துக்கு வெளியே வால்வு திறக்காதபடி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். உங்களுக்கு அந்தச் சட்டம் இல்லை, ஆனாலும் அதே மாதிரி ஒரு பூட்டு போடுங்கள் என்பேன். மதுரை வெயிலில் தளத்தின் மேல் கிடக்கும் கறுப்புக் குழாயில் மதியம் நிற்கும் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும், தப்பித் தவறி இரண்டு மணிக்கு வால்வு திறந்தால் முதலில் வேருக்குப் போவது அந்த வெந்நீர்தான். காலை ஐந்தரைக்குள் முடித்துவிடுங்கள். மாலை என்றால் ஏழு மணிக்குப் பிறகு.

மழை விஷயத்தில் எனக்குப் பட்ட அனுபவம்: வானிலை முன்னறிவிப்பை வைத்து நிறுத்தாதீர்கள். “நாளை மழை” என்று போன் சொல்லும், மூன்று நாள் தொடர்ந்து சொல்லும், ஒரு சொட்டும் விழாது, அதற்குள் கீரை தலை தொங்கிவிடும். கோடை மழை உங்கள் ஊரில் ஒரு தெருவில் கொட்டி அடுத்த தெருவை விட்டுவிடும். பெய்து முடிந்த மழையை அளந்து நிறுத்துவதுதான் சரி, டிப்பிங் பக்கெட் மழைமானி ஒன்றை மாடியிலேயே வைத்துவிடலாம், அது ஒவ்வொரு தடவை கவிழும்போதும் ஒரு ஸ்விட்ச் தட்டும், இ.எஸ்.பி. அதை எண்ணிக்கொள்ளும்.

குழாய் கழன்றுபோனால் கண்டுபிடிக்க ஓடும் தண்ணீரை அளக்கும் ஃப்ளோ மீட்டர் ஒன்றை லைனில் போட்டிருக்கிறேன், ஒய்.எஃப்-எஸ்.201, லிட்டருக்கு சுமார் 450 துடிப்பு கொடுக்கும். வழக்கத்தை விட இரண்டு மடங்கு ஓடினால் வால்வை மூடு, எனக்குச் செய்தி அனுப்பு என்று எழுதியிருக்கிறேன். போன கோடையில் போசம் என்ற இந்த ஊர் மரவிலங்கு வந்து குழாயைக் கடித்தபோது அதுதான் காப்பாற்றியது.

மொட்டைமாடி_மதுரை

எல்லோருக்கும் நன்றி. வாசித்துவிட்டு அன்றைக்கே டம்ளரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். டேங்க் நிறைந்திருக்கும்போது, வால்வு இல்லாமல் நேர் லைனில், முதல் பையில் 10 நிமிடத்தில் ஒரு டம்ளர், 200 மில்லி. கடைசிப் பையில், பந்தலுக்கு அடியில், பாதி டம்ளர் கூட இல்லை. கடைசி வரிசைப் பாகல் இலை ஏன் எப்போதும் வெளிறியே இருக்கிறது என்று அம்மா மண்ணை மாற்றி, பிண்ணாக்கு வைத்து, வேப்பெண்ணெய் தெளித்துப் பார்த்தார், ஒருவேளை தண்ணீர்தானோ?

ஃப்ளோ மீட்டர் பற்றிக் கணக்குப் போட்டேன். 45 டிரிப்பருக்கும் 10 நிமிடத்துக்கு 200 மில்லி என்றே வைத்தாலும் நிமிடத்துக்கு 0.9 லிட்டர்தான் வருகிறது. அந்த மீட்டர் 1 லிட்டருக்கு மேல்தான் படிக்கும் என்று போட்டிருக்கிறது. எனக்கு உதவுமா?

மெல்போர்ன்_தோட்டக்காரி

உதவாது. நான் என் அழுத்தத்தை வைத்துச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். அந்தச் சக்கரமே உங்கள் லைனில் ஒரு தடையாகவும் இருக்கும். உங்களிடம்தான் டேங்க் மட்டம் பார்க்கும் சென்சார் இருக்கிறதே, அதையே பயன்படுத்துங்கள். விடியற்காலையில் வீட்டில் வேறு யாரும் தண்ணீர் திறக்காத நேரத்தில் ஓடவிட்டால், மட்டம் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் இறங்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் இறங்கினால் எங்கோ கழன்றுவிட்டது, மூடிவிடு.

சொட்டுநீர்_பொள்ளாச்சி

பாகலுக்குத் தண்ணீர்தான் தம்பி. பாதித் தண்ணீரில் நிற்கிற செடிக்கு உரம் வைத்தால் இன்னும் வாடும். லைனின் கடைசி முனையில் மூடி போட்டிருப்பீர்கள். அதைக் கழற்றி, அந்த முனையை ஒரு துண்டு குழாய் கொண்டு ஆரம்பத்தோடு டீ (T வடிவ இணைப்பு) போட்டு இணைத்து வளையமாக்கிவிடுங்கள். இரண்டு பக்கமிருந்தும் தண்ணீர் வரும், கடைசிப் பை என்று ஒன்று இருக்காது. அப்புறம் பந்தல் டிரிப்பர்களை ஒரு சுற்றுத் திறந்துவிட்டு, டேங்க் பக்கத்து டிரிப்பர்களைக் கொஞ்சம் இறுக்குங்கள். டம்ளரை வைத்தே சரி பார்க்கலாம்.

வால்வைச் சுற்றி ஒரு பைபாஸ் லைன் போட மறக்காதீர்கள். மோட்டார் வால்வுக்கு முன்னால் ஒரு டீ, பின்னால் ஒரு டீ, நடுவில் கையால் திருப்பும் சாதாரண பால் வால்வு. எல்லாம் கெட்டுப்போன அன்றைக்கு யாராவது ஒருவர் கையால் திருப்பினால் போதும்.

தஞ்சாவூர்_மருமகன்

அம்மா போன் இல்லாமல் இயக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள், அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. என் மாமியார் வீட்டில் இதே நிலைமைதான், அவருக்கு எழுபது வயது, செடிதான் உயிர்.

முதலில் எல்லாவற்றையும் போனில் வைத்துக் கொடுத்தேன். ஒரு வாரம் தொடவே இல்லை. அப்புறம் சமையலறையில், அரிசி டப்பா இருக்கும் தட்டுக்குக் கீழே சுவரில், பேட்டரியில் ஓடும் ஜிக்பீ பட்டன் ஒன்றை ஒட்டினேன். ஒரு தட்டு தட்டினால் பத்து நிமிடம் தண்ணீர். ஓடும்போது மறுபடி தட்டினால் நிற்கும். இவ்வளவுதான். ஆனால் தட்டியதும் மேலே நடக்கிறதா இல்லையா என்று தெரியாமல் அவர் மறுபடியும் படி ஏறிப் பார்க்க ஆரம்பித்தார். ஹோம் அசிஸ்டன்ட்டில் கூகுள் மொழிபெயர்ப்பின் பேச்சுக் குரல் தமிழிலும் பேசும், ஹாலில் இருக்கும் ஸ்பீக்கரில் “தோட்டத்துக்குத் தண்ணீர் போகிறது” என்றும் முடிந்ததும் “தண்ணீர் நின்றுவிட்டது” என்றும் சொல்ல வைத்தேன். அதற்குப் பிறகுதான் நிம்மதியானார். இந்தக் குரலுக்கு மட்டும் நெட் வேண்டும், அதனால் ஒரு சின்ன பச்சை எல்.இ.டி.யையும் பட்டனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஜிக்பீ போடுவதாக இருந்தால் அதன் சிக்னலை வாங்கி அனுப்பும் யு.எஸ்.பி. டாங்கிளை நேராக ராஸ்பெர்ரி பையின் நீல நிற யு.எஸ்.பி. 3 துளையில் சொருகாதீர்கள், சிக்னலைக் கெடுக்கும். ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் போட்டுத் தள்ளி வையுங்கள். கான்கிரீட் தளம் தாண்டி மாடிக்கு எட்டவில்லையென்றால் படிக்கட்டு அறையில் ஒரு ஜிக்பீ பிளக் வைத்தால் அது நடுவில் நின்று கடத்தும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அம்மா மாடிக்கே போகத் தேவையில்லை என்கிற மாதிரி எல்லாவற்றையும் செய்துவிடாதீர்கள். காலைத் தண்ணீரைத் தானியங்கி பார்த்துக்கொள்ளட்டும். மாலையில் நீங்கள் ஊரில் இருக்கும் நாட்களில் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போங்கள், பூச்சி பார்ப்பதும் காய் பறிப்பதும் அவர் கையாலேயே நடக்கட்டும்.

மொட்டைமாடி_மதுரை

மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததை எழுதிவிடுகிறேன்.

இரண்டு வயர் பால் வால்வு, முக்கால் இஞ்ச், வாங்கி மாட்டினேன். கரண்ட்டை நிறுத்திப் பத்துத் தடவை பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் ர்ர்ர் என்று திரும்பி மூடிக்கொண்டது. இ.எஸ்.பி.32, கடிகார மாட்யூல், இரண்டு ரீபூட் டைம்அவுட்டும் பூஜ்யம். சோதிக்க வேண்டும் என்று ஒரு நாள் ரவுட்டரையும் ராஸ்பெர்ரி பையையும் இரவே அணைத்துவிட்டுப் படுத்தேன். காலை 5 மணிக்கு மாடியில் போய் நின்றேன். 5:05-க்குத் திறந்தது, 5:30-க்கு மூடியது. இருட்டில் பைகளிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சத்தம் வந்தது, அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

லைனை வளையமாக்கிய பிறகு முதல் பை 180 மில்லி, பந்தல் ஓரப் பை 160 மில்லி. பாகலில் புது இலை கரும்பச்சையாக வந்திருக்கிறது. கெபாசிட்டிவ் சென்சாரை எங்கள் செம்மண், கோகோபீட், மண்புழு உரக் கலவையிலேயே அளவு பிடித்தேன். காய்ந்த கலவையில் 2.3 வோல்ட், நனைத்து வடிந்த பிறகு 1.4. எண் கூடினால் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம், முதல் நாள் தலைகீழாகப் புரிந்துகொண்டு எழுதிவிட்டேன், பிறகு மாற்றினேன். போன வியாழன் இரவு ஒரு கோடை மழை, மறுநாள் காலை வால்வு திறக்கவில்லை.

சமையலறைப் பட்டனும் வைத்தாகிவிட்டது. ஸ்பீக்கரில் என் குரலையே பதிந்து வைக்கச் சொன்னார் அம்மா. “அம்மா, தண்ணி போகுது” என்று பதிந்து, ராஸ்பெர்ரி பையிலேயே ஒலிக் கோப்பாக வைத்துவிட்டேன், அதற்கு நெட் தேவைப்படவில்லை. நான் சென்னையில் இருக்கும் நாட்களில் மாலை ஏழு மணிக்கு மேல் அந்தப் பட்டன் தட்டப்பட்டது என்று போனில் வரும்.

ஒன்று மட்டும் பாக்கி. கறிவேப்பிலை, முருங்கை டிரம்களுக்கு இந்த நேரம் அதிகம், தனி வால்வு போடலாமா அல்லது டிரிப்பரை இறுக்கினால் போதுமா?

சொட்டுநீர்_பொள்ளாச்சி

முருங்கைக்கு டிரிப்பரையே பிடுங்கிவிட்டுத் துளையை அடைப்பான் போட்டு மூடுங்கள், வாரம் இரண்டு தடவை ஒரு சொம்பு கையால் ஊற்றினால் போதும். கறிவேப்பிலைக்கு இறுக்கினால் சரியாகிவிடும். தனி வால்வெல்லாம் வேண்டாம்.